ஆய்வுத் திட்ட மேலாளர் பணி: வேலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, பாகாயம் பகுதிகளில் ஆய்வுத் திட்டங்களில் வேலை தேடுவோரும், களப்பணியாளராகவோ ஆய்வுக்கூட உதவியாளராகவோ இருந்துகொண்டு அடுத்த படிக்குச் செல்ல விரும்புவோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பெரும்பாலும் பணியாற்றியது மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் சார்ந்த ஆய்வுகளில் என்பதால், எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன.

ஆய்வுத் திட்ட மேலாளருக்கும் முதன்மை ஆய்வாளருக்கும் என்ன வேறுபாடு?

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், அதை எந்த முறையில் தேடுகிறோம் என்பதற்கு முதன்மை ஆய்வாளர் பொறுப்பு. அந்த முறை, எழுதிய தாளில் உள்ளபடியே, குறித்த நாளில், குறித்த பணத்தில், குறித்த ஆட்களிடம் நடக்கிறதா என்று பார்ப்பதும், நடக்காதபோது அதை மறைக்காமல் எழுதிவைப்பதும் திட்ட மேலாளரின் வேலை. மேலாளர் என்ற சொல்லைக் கேட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடும் வேலை என்று எண்ணி வருபவர்கள் முதல் மாதத்திலேயே ஏமாந்து போகிறார்கள். மருத்துவர், புள்ளியியலாளர், கணக்குப் பிரிவு, பங்கேற்பாளர்களுக்குத் தீங்கில்லாமல் ஆய்வு நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு, வண்டி ஓட்டுநர், கிராமத்துத் தலைவர் என ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத ஆறேழு பேருக்கு நடுவில் நின்று பேசுவதுதான் நாளின் பெரும்பகுதி.

வேலூரில் இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்கிறது?

காரணம் பழையது. 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருந்தகம் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தக் கல்லூரி கணியம்பாடி, கீ.வ.குப்பம் வட்டாரங்களில் பல பத்தாண்டுகளாகக் கிராமச் சுகாதாரப் பணி செய்துவருவதால், வீடு வீடாகச் சென்று தகவல் சேகரிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆய்வு நிலையம் இயங்குகிறது. ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குக்கான இந்தியத் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு, தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு நடந்தது. அந்த மருந்து 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. குடற்புழு நீக்கத்துக்கான ஒரு பன்னாட்டு ஆய்வுக்கு, ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளுடன், இங்கே ஜவ்வாது மலையும் திமிரிப் பகுதியும் களமாக இருந்தன. இவற்றுடன் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யும், சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொள்கின்றன.

நீண்டகால ஆய்வுகள் உள்ள ஊரில் மேலாளருக்கு ஒரு தனித் தலைவலியும் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கீ.வ.குப்பத்திலும் பிறந்தவர்களைப் பிறப்பிலிருந்து பின்தொடரும் ஆய்வுக் குழு ஒன்று இங்கே உள்ளது. அவர்கள் பிறந்தபோது முகவரியில் இருந்தது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. திமிரிக்காரர் ஒருவர் இடம் பெயராமலேயே மாவட்டம் மாறினார். பழைய பதிவேட்டையும் ஆதார் அட்டையையும் பொருத்திப் பார்க்க உட்காரும்போதுதான் இது வரலாற்றுச் செய்தி அல்ல, தரவுச் சிக்கல் என்பது புரியும். ஆகவே மாவட்டப் பெயரை ஒருபோதும் அடையாள எண்ணின் பகுதியாக வைக்காதீர்கள்.

என்ன படித்திருக்க வேண்டும்?

பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, உயிரியல், செவிலியம், புள்ளியியல், மருந்தியல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் முதுநிலைப் பட்டம் இருந்தால் போதும். முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மருந்து ஆய்வு என்றால் ஜி.சி.பி. என்னும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். நேர்காணலில் நான் பார்ப்பது வேறு: ஒரு கூட்டம் முடிந்ததும் அதன் முடிவுகளை அரைப் பக்கத்தில், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று பிசகாமல் எழுத முடிகிறதா என்பதே. பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆய்வு தொடங்குவதற்கு முன் என்னென்ன அனுமதிகள் வேண்டும்?

மனிதர்கள் பங்கேற்கும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும், ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளே இதற்கு அடிப்படை. புதிய மருந்து அல்லது தடுப்பூசி என்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். அந்த விதிகள் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வெளிநாட்டுக் கூட்டு அல்லது வெளிநாட்டு நிதி உள்ள சுகாதார ஆய்வு, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குச் செல்ல வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது பதிவில்தான். சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007இல் தொடங்கியது. முன்பெல்லாம் ஆய்வை ஆரம்பித்துவிட்டுப் பிறகு பதிவு செய்வார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அதற்கு இடமில்லை; முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு எண் கையில் இருக்க வேண்டும். பதிவகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பதில் அனுப்ப வேண்டும், மறுபடியும் கேட்பார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்துக்கான வாரங்களை அட்டவணையில் முதலிலேயே ஒதுக்காத மேலாளர், சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்த களப்பணியாளர்களைச் சும்மா உட்கார வைத்திருக்கும் நிலைக்கு வருவார்.

ஒப்புதல் படிவம் என்பது ஒரு கையெழுத்துத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முதலில் மொழியைச் சொல்கிறேன். வேலூர்ப் பகுதியில் ஒரே ஆய்வுக்குத் தமிழ், உருது, தெலுங்கு மூன்றிலும் படிவம் தேவைப்படலாம். மேல்விஷாரத்தில் உருதும், சித்தூர் எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கும் இல்லாமல் முடியாது. தமிழ்ப் படிவம் பெரும்பாலும் ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஒன்றாக வந்து சேரும். “தாங்கள் எந்நேரத்திலும் தங்கள் பங்கேற்பைத் திரும்பப் பெறும் உரிமை உடையவர்” என்று அதில் இருக்கும். களப்பணியாளர் அதைப் படித்துக் காட்டினால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். “வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்மா, அதுக்காக ஆஸ்பத்திரியில உங்களுக்குப் பாக்குற வைத்தியம் நின்னுடாது” என்று சொன்னால்தான் கேள்வி பிறக்கும். ஐந்து மில்லி இரத்தம் என்பதை ஒரு டீஸ்பூன் என்றும், எந்தக் குழுவில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல என்றும் சொல்லலாம். இந்தப் பேச்சு வடிவத்தையும் எழுதி நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்றுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு ஆய்வு உருவாகும்.

“ரத்தம் எடுத்துனு போயி இன்னா பண்ணப் போறீங்கோ?” என்று குடியாத்தம் பக்கத்துப் பாட்டி ஒருவர் கேட்டார். அவருடைய கேள்விக்கான பதில் எங்கள் படிவத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அடுத்த திருத்தத்தில் அதை முதல் பக்கத்துக்கு மாற்றினோம்.

பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் சம்மதிப்பவர்கள் இங்கு அதிகம். அதை வசதி என்று நினைக்கும் மேலாளர்கள் உண்டு. நான் அதை ஆபத்து என்றே கருதுகிறேன், ஏனெனில் அந்தச் சம்மதம் ஆராய்ச்சிக்குக் கொடுத்ததல்ல, வைத்தியம் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுத்தது. படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் உடனிருக்க வேண்டும். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குவது சாட்சி ஆகாது.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது?

அன்றைக்கே எழுதுங்கள். இந்த வேலையில் நான் கற்ற ஒரே தொழில் இரகசியம் அதுதான்.

என் பொறுப்பில் இருந்த ஒரு திட்டத்தில் ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பதிப்புக்கு அனுமதி வந்துவிட்டது. எல்லோருக்கும் புதுப் பிரதிகளைக் கொடுத்தேன். பழையவற்றைத் திரும்ப வாங்கினேனே தவிர, எண்ணி வாங்கவில்லை. ஒரு களப்பணியாளரின் பையில் இரண்டாம் பதிப்பின் ஜெராக்ஸ் ஒரு கட்டு தங்கிவிட்டது. சனிக்கிழமை மாலை அந்த வாரப் படிவங்களை அடுக்கும்போது அடிக்குறிப்பில் பதிப்பு எண் மாறியிருப்பதைக் கண்டேன். பதினொரு பேர் பழைய படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே பத்திதான், ஆனால் அது மீதமாகும் இரத்தத்தை எதிர்கால ஆய்வுகளுக்காகச் சேமிப்பது பற்றிய பத்தி. புதுப் படிவத்தில் பழைய தேதியைப் போட்டு வாங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் நல்லெண்ணத்துடனேயே சொன்னார். திங்கட்கிழமை காலை முதன்மை ஆய்வாளரிடம் சொல்லி, அனுமதித்த முறையிலிருந்து விலகியதைச் சொல்லும் விலகல் அறிக்கை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம். பதினொரு பேரிடமும் புதிய தேதியில் புதிய ஒப்புதல் வாங்கச் சொன்னார்கள். ஒன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் சேமிக்க வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய மீதக் குழாய்களை அழித்துப் பதிவேட்டில் குறித்தோம். பழைய தேதியைப் போட்டிருந்தால் அந்த இருவரின் இரத்தம் அவர்கள் விருப்பத்துக்கு மாறாக இன்றும் உறைபெட்டியில் இருந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு பதிப்பையும் வெவ்வேறு நிறத் தாளில் அச்சடிக்கிறேன். கையில் மஞ்சள் தாள் இருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

மருந்து ஆய்வில் பங்கேற்பாளருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் அது வேறு வகை. தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வை நடத்தும் நிறுவனம், நெறிமுறைக் குழு ஆகியோருக்கு ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையா பொங்கலா என்பதை விதி பார்ப்பதில்லை.

அட்டவணை ஏன் எப்போதும் தவறிப்போகிறது?

அட்டவணை போடுபவர் சுவரில் மாட்டிய ஆங்கிலக் காலண்டரைப் பார்க்கிறார், கிராமம் தினசரிக் காலண்டரைப் பார்க்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் இரத்தம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் வீடுகள் இங்கு நிறைய உண்டு. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கச் சென்றிருப்பார்கள். நூறு நாள் வேலைக்குச் செல்பவர்களுக்குக் காலையிலும் பிற்பகலிலும் வருகைப் படம் எடுக்கப்படுவதால், வேலைத்தளத்தை விட்டு நடுவில் வரச் சொல்வது அவர்கள் கூலியில் கை வைப்பதாகும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியற்காலையிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும்; அங்கே ஞாயிறுதான் நமக்கு வேலை நாள். பள்ளிக் குழந்தைகளைச் சேர்க்கும் ஆய்வு என்றால் ஏப்ரல், மே மாதங்களைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இவை எல்லாம் தடைகள் அல்ல, முன்கூட்டியே தெரிந்த தேதிகள். திட்டம் எழுதும்போதே களப்பணியாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டால், ஒரே பிற்பகலில் ஆண்டு முழுவதற்குமான பட்டியலைச் சொல்லிவிடுவார்கள்.

வேலூர் வெயிலில் மாதிரிகளை எப்படிக் காப்பாற்றுவது?

மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். எல்லோரும் சூட்டுக்குப் பயப்படுகிறார்கள். குளிருக்கும் பயப்பட வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் அடுக்கினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாதிரிக் குழாயில் உள்ள இரத்தம் உறைந்து அணுக்கள் உடைந்துபோகும். தடுப்பு மருந்துகளில் சிலவும் உறைந்தால் வீணாகிவிடும். ஐஸ் பேக்கை மேசைமேல் வைத்து, மேற்பரப்பு வியர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து அதன்பிறகு அடுக்க வேண்டும். காலை ஆறரைக்கு வண்டி கிளம்ப வேண்டுமானால், இதற்காக ஒருவர் அதற்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது தாளில் பெயரோடு இருக்க வேண்டும். பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று கிளம்பும்போதும், களத்தில் நண்பகலிலும், திரும்பியதும் குறிக்க வேண்டும். மூன்று கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நேர்த்தியாக 4.0, 4.0, 4.0 என்றிருந்தால், அது அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பியது என்று ஆய்வைச் சரிபார்க்க வரும் எந்த மானிட்டரும் கண்டுபிடித்துவிடுவார்.

மைனஸ் 80 உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்கு முந்தின நாள், டீசல் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பணத்தை எப்படி நிர்வகிப்பது?

அரசு நிதியில் ஆண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. மார்ச் 31க்குள் செலவானதையும் மீதியையும் காட்டி 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். கணக்கில் கிடந்த பணத்துக்கு வங்கி கொடுத்த வட்டி நம்முடையதல்ல. அதை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு வட்டியையும் சேர்த்துச் செலவழித்தவர்கள் தணிக்கையில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு நிதி, நம் நிறுவனம் எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் செய்த பதிவின் வழியே வந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கடைசி நிபந்தனைதான் கூட்டு ஆய்வுகளை அதிகம் பாதித்தது, ஏனெனில் ஒரு நிறுவனம் பணத்தைப் பெற்று மற்ற இரண்டு நிறுவனங்களுக்குப் பங்கிடும் பழைய முறை அத்துடன் முடிந்தது.

இவற்றையெல்லாம் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய் கொடுத்துப் போன களப்பணியாளரிடம் ரசீது கேட்டால் அவர் எங்கே போவார்? இத்தகைய செலவுகளுக்கு, ரசீதுக்குப் பதில் நாமே எழுதிக் கையெழுத்திடும் உள்வவுச்சர் நடைமுறையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கிவைப்பது உங்கள் வேலை. இல்லையேல் அந்த நாற்பது ரூபாய் அவர் சட்டைப்பையிலிருந்துதான் போகும். மாதக் கடைசியில் அவர் போகாத வீட்டுக்கும் போனதாக எழுதத் தொடங்குவார்.

சம்பளமும் வேலை நிலைத்தன்மையும் எப்படி?

நிலைத்தன்மை குறைவு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வேலை திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். மத்திய அரசு நிதியில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வாளர் உதவித்தொகை 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. திட்ட மேலாளருக்கு அப்படி நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் கிடையாது. பட்ஜெட்டில் என்ன எழுதியிருக்கிறார்களோ அதுதான். சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: பணம் எந்த மாதம் வரை உறுதியாகியிருக்கிறது, வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் உண்டா, நிதித் தவணை தாமதமானால் சம்பளத்தை நிறுவனம் முன்பணமாகக் கொடுக்குமா. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடங்களில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்தவர்கள் உண்டு.

பொறியியல், சுற்றுச்சூழல் ஆய்வுகளிலும் இதே வேலைதானா?

அடிப்படை ஒன்றே, ஒப்புதல் படிவத்துக்குப் பதில் கருவிக் கொள்முதல் உங்கள் நேரத்தைத் தின்னும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி நீர், மண் மாதிரி எடுக்கும் ஆய்வு என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதல் அது வழக்குகளோடு பின்னிய விஷயம் என்பதால், உங்கள் குப்பியின் லேபிளை ஒரு நாள் வழக்கறிஞர் ஒருவர் வாசிக்கக்கூடும்.

ஆய்வு முடிந்த பிறகு மேலாளருக்கு என்ன வேலை?

ஆள் குறைந்து வேலை குறையாத காலம் அது. மருந்து ஆய்வின் ஆவணங்களை நெறிமுறைக் குழு ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நிதி கொடுத்தவர் அதற்கும் மேல் கேட்கலாம். அட்டைப்பெட்டிகளுக்கு எண் போட்டு, எந்தப் பெட்டியில் என்ன, சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி, நீங்கள் போன பிறகும் அந்த நிறுவனத்தில் இருக்கப்போகும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கரையான் வேலூரில் ஈரச் சுவரைத் தேடி வரும், ஆகவே பெட்டிகள் தரையில் இருக்கக் கூடாது.

பலர் விட்டுவிடுவது இன்னொன்று. இரத்தமும் நேரமும் கொடுத்த கிராமத்துக்குத் திரும்பிச் சென்று, என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும். ஊராட்சி அலுவலகத்தின் முன் மாலை ஆறு மணிக்கு மைக் செட், நாற்காலி, தேநீர், தமிழில் இரண்டு பக்கத் துண்டறிக்கை, பெரிய செலவில்லை. ஆனால் கடைசி மாதத்தில் கேட்டால் பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை என்பார்கள். அதை முதல் நாள் எழுதும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.